பொட்டலக் காகிதத்தில் என் முகம்

அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஸ்பெக்டர் தன் அறைக்குள் வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பார். பின்னால் சுவரில் பச்சைத் துணி அடித்த பலகை. அதில் தேடப்படும் ஆட்களின் படங்கள். மூன்றாவது வரிசையில் இடப்பக்கமிருந்து இரண்டாவது ஆள் நான். இன்ஸ்பெக்டர் திரும்பும்போது அவர் தோள் என்னை மறைத்துவிடும். அதற்குள் பார்த்துக்கொண்டால் உண்டு.

போலீஸுக்கும் ஒரு கூட்டத்துக்கும் நடக்கிற கதை. கல் குவாரிக்கு என்று வாங்குகிற வெடிமருந்தைக் கள்ளத்தனமாக வெளியே விற்கிறது கூட்டம். நடுவில் இரண்டு கொலை. இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவனாகப் பிடித்து மேலே போகப் போக, மேலே உட்கார்ந்திருப்பது காக்கிச் சட்டை போட்ட ஒருவர்தான் என்று தெரிய வருகிறது. அது யாரென்று என் வீட்டுக்காரி இடைவேளைக்கு முன்பே சொல்லிவிட்டாள். "நல்லவன் மாதிரி டீ வாங்கிக் குடுத்துக்கிட்டே இருக்கான் பாருங்க, இவந்தான்" என்றாள். சரியாக அவனேதான்.

படம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. படத்தில் ஜீப் வந்து நின்றாலே என் கால் தானாக நாற்காலிக்கு அடியில் போய்விடும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பயப்படுவதில் மட்டும் மேல்படிப்புப் படித்திருக்கிறேன் என்பாள் வீட்டுக்காரி. சொல்லட்டும். அந்தப் படத்தால் நான் பட்ட பயத்துக்குக் காரணம் இருந்தது.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறேன். அச்சாகி வருகிற பெரிய தாள்களை அளவு பார்த்து வெட்டுகிற வேலை. பட்டாசு லேபிள், காலண்டர், நோட்டு அட்டை எல்லாம் என் கத்திக்குக் கீழேதான் வரும். காலண்டர் வேலை முடிந்து பட்டாசு லேபிள் ஆர்டர் வருவதற்கு முன்னால் ஒன்றிரண்டு மாதம் மெஷின்கள் சும்மா இருக்கும். அப்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். விருதுநகர் மிளகாய் மண்டித் தெருவில் இரண்டு நாள், ஆலங்குளம் போகிற வழியில் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளத்தில் ஒரு வாரம் என்று படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்ட 'தேடப்படும் குற்றவாளி' நோட்டீஸ்கள் வேண்டும். இன்டர்நெட்டில் கிடைக்கிற முகத்தை எடுத்துப் போட்டால் பிறகு எவனாவது கேஸ் போடுவான்; அதனால் நிஜ ஆட்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார், சென்னையிலிருந்து வந்த ஆர்ட் டைரக்டரின் உதவியாளர்.

எங்கள் முதலாளி மெஷின் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். "வெளிய எதுக்குத் தேடுதீக? நம்மகிட்டயே பன்னெண்டு திருட்டு முழி இருக்கே."

அச்சகத்துப் பின்சுவரில் வெள்ளையடித்த இடமாகப் பார்த்து ஒவ்வொருவராக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கையில் ஒரு சிலேட்டு, அதில் நம்பர். மெஷின்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் நாலு தடவை எடுக்க வேண்டியிருந்தது. பைண்டிங் பிரிவு ஆள் சிலேட்டைத் தட்டு மாதிரி வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றான். "ஏலே, சோறு வாங்கவா நிக்க?" என்று கத்தினார்கள்.

என் முறை வந்தது. போய் நின்றேன். குதிகாலைச் சேர்த்து, சிலேட்டைத் தாடைக்கு நாலு விரல் கீழே இறக்கி, எழுத்து மேல் விரல் படாமல் இரண்டு ஓரத்திலும் பிடித்தேன். முதல் படத்திலேயே முடிந்தது.

"அண்ணா, நீங்க ஒருத்தர்தான் கரெக்டா நிக்கிறீங்க" என்றார் அந்த உதவியாளர். "இதுக்கு முன்னாடி நடிச்சிருக்கீங்களா?"

"இல்ல தம்பி."

நடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நின்றிருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் எங்கள் சொந்த ஊரான எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் சரவெடி பின்னுகிற வேலைக்குப் போனேன். லைசென்ஸ் இல்லாத இடம். தெரிந்தேதான் போனேன், அங்கே கையில் வேகம் இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு நாள் போலீஸ் வந்தது. கொட்டகைக்காரர் தப்பிவிட்டார். வேலை செய்துகொண்டிருந்த எங்கள் நாலு பேரையும் கொண்டுபோய் சிலேட்டைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். வெடிமருந்து பதுக்கியதாகக் கேஸ். ஜாமீனில் விட்டபோது முப்பது நாள் காலையில் விருதுநகர் ரோட்டு ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், போட்டேன். கோர்ட்டில் அபராதத்தோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலைக்குக்கூட நான் போகவில்லை. காகிதம் வெட்டுகிற வேலைக்கு வந்துவிட்டேன்.

இது வீட்டுக்காரிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது.

மகளுக்குப் படப்பிடிப்பு நடந்த அந்தச் சமயத்தில்தான் வரன் பேசிக்கொண்டிருந்தோம். ஆலங்குளத்துப் பையன், விருதுநகரில் பருப்பு மில்லில் மெக்கானிக். அப்பா குவாரி லாரி ஓட்டி ஓய்ந்தவர். வந்து பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். போகும்போது பையனுடைய அப்பா, "நாலு இடத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுச் சொல்லுதோம் தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீக" என்றார். தப்பு ஒன்றுமில்லை. எல்லாரும் செய்கிறதுதான். பெண் வீடு இருக்கிற தெரு முனை டீக்கடையில் சம்பந்தமில்லாத ஆள் மாதிரி ஒருவர் வந்து உட்கார்ந்து, அந்த வீட்டு ஆள் எப்படி, குடிப்பாரா, வம்பு வழக்கு உண்டா என்று விசாரித்துவிட்டுப் போவார். வம்பு வழக்கு என்கிற வார்த்தையை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

நோட்டீஸ் அச்சாகியது. ஒரு பெரிய தாளுக்கு நாலு முகம். முகத்துக்கு மேலே 'தேடப்படும் குற்றவாளி', கீழே ஆளுக்கொரு குற்றம். எனக்கு வந்தது 'கொலை, வெடிபொருள் பதுக்கல்'. யார் யாருக்கு எது என்று முடிவு செய்தது அந்த உதவியாளர். என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. கொலையைப் படித்துவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுத்த வார்த்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சு ஓட ஆரம்பிக்கும்போது கலர் ஒன்றோடொன்று சரியாக உட்காரும்வரை சில நூறு தாள் வீணாகும். வேஸ்ட் ஷீட் என்போம். எங்கள் ஊரில் அதைத் தூக்கி எறிவதில்லை. எடைக்குப் போகும். பொட்டலம் மடிக்கிற அளவுக்கு வெட்டிக் கட்டி வைத்தால் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். சேவுக்கடை, வடைக்கடை, பலசரக்குக் கடை எல்லாவற்றுக்கும் அதுதான். சிவகாசியில் சேவு வாங்கினால் சாமி படத்திலோ பூச்சட்டிப் பட்டாசு லேபிளிலோதான் கட்டித் தருவார்கள். யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

சினிமாக்காரர்கள் நல்ல தாள்களை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள். வேஸ்ட் ஷீட் என் மெஷினுக்கு வந்தது. இத்தனை வருஷப் பழக்கம், கை யோசிக்காது. தாளைத் தட்டி அடுக்கினேன், குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு. நாலாக வெட்டினால் பொட்டலத்துக்குச் சரியான அளவு. நாலாக வெட்டினால் ஒரு துண்டுக்கு ஒரு முகம் முழுசாக வரும் என்று புத்தியில் உறைக்கவே இல்லை. சணல் போட்டுக் கட்டி வாசலில் நானே தூக்கி வைத்தேன்.

திங்கட்கிழமை காலை டீக்கடைக்காரர் எனக்கு வடையை வைத்துக் கொடுத்த தாளில் எங்கள் மெஷின்மேன் எண்ணெயில் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தான். 'ஆட்கடத்தல்' என்று போட்டிருந்தது. கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற சேவுக்கடைக்குப் போனபோது கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்த காகிதத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நான் இருந்தேன். சிலேட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டு.

"அண்ணாச்சி, அந்தப் பேப்பரை எனக்குக் குடுத்துருங்க. வேற நல்ல பேப்பரு கொண்டாந்து தாரேன்."

கடைக்காரர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏய்யா, கொலைக் கேஸா? அங்கன நின்னு பேசுதீக, உள்ள வாங்க, கத்தி கித்தி இருந்தா வெளிய வச்சிருங்க."

"சினிமாவுக்கு அடிச்சது அண்ணாச்சி."

"அப்ப இருக்கட்டுமே. உங்க மூஞ்சியில மடிச்சுக் குடுத்தா எவனும் சேவு கொறையுதுன்னு சண்டைக்கு வரமாட்டான்."

கெஞ்சித்தான் வாங்கினேன். இருபத்து மூன்று துண்டு. அடுத்த கடையில் பதினொன்று. வடைக்கடைகள், பழக்கடை, தெற்கே ஒரு பரோட்டாக் கடை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன், சாயங்காலம் வேலை விட்டதும் போவேன். வாங்கினதை மெஷினில் கொடுத்துப் பொடிப்பொடியாக வெட்டினேன். வீட்டுக்குள் வந்தால் சட்டையெல்லாம் கடலை எண்ணெய் வாசம்.

வீட்டுக்காரி இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "ஊர்ல பாதிப் பேருக்கு உங்க மூஞ்சியே தெரியாது. இப்ப நீங்களே கடை கடையாப் போயி நாந்தான் நாந்தான்னு சொல்லிக்கிட்டு வாரீக."

மகள் மருந்துக்கடை வேலையிலிருந்து வந்தவள் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். "அப்பா, உங்க படம் போட்ட பேப்பரு வடை வாங்கயில எனக்கும் வந்துச்சு, அன்னைக்கே நான் போட்டோ எடுத்து அவுகளுக்கு அனுப்பிட்டேன். ஷூட்டிங்க அவுக ஊருலயே பாத்தவுக. விழுந்து விழுந்து சிரிச்சாகளாம். வருங்கால மாமனாரு பெரிய கை போலன்னு கேட்டாக."

பையனோடு அவள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதற்கும் சேர்த்துப் பயந்தேன். பையன் சிரித்தான், சரி. டீக்கடையில் வந்து விசாரிக்கப் போவது பையன் இல்லையே. காகிதத்தைப் பார்த்து எவராவது, "இந்த ஆளு முன்னாடி ஒருதடவ வெடிக் கேஸுல நெசமாவே உள்ள போனவர்தான" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய ஆட்கள் ஒன்றிரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருமுனை டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். முன்பின் பார்த்ததில்லை. அவர் கைத்தாளில் பாதி என் நெற்றி தெரிந்தது. எனக்கு என்ன ஆனதோ, "ஒரு நிமிசங்க" என்று சொல்லி அதை உருவிவிட்டேன். வடை மண்ணில் விழுந்தது.

"என்ன மனுசன்யா நீரு!" என்று அவர் எழுந்துவிட்டார். "ஒரு வடைய நிம்மதியாத் திங்க விடமாட்டீகளா இந்த ஊர்ல?"

வேறு வடை வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டார். டீக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். "உங்க வீட்டத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. நல்ல மனுசன், ஒரு வம்புதும்புக்குப் போகமாட்டாருன்னு இப்பத்தான் சொல்லி வாய மூடுனேன்."

அவர் பையனுடைய தாய்மாமா.

வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் வேலைக்குப் போனேனே தவிர எதை வெட்டினேன் என்று ஞாபகமில்லை. ஒரு கட்டு நோட்டு அட்டை அளவு தப்பி வீணாகி முதலாளியிடம் பேச்சு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் பையனுடைய அப்பா தனியாக வந்தார். பழம் எதுவும் கொண்டுவரவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரி காப்பி போடப் போனாள். மகள் உள் அறையில் இருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

காப்பியைக் குடித்து முடிக்கும்வரை வெயிலைப் பற்றிப் பேசினார். டம்ளரை வைத்துவிட்டு நேராக வந்தார்.

"தம்பி, அந்தப் பேப்பரு சமாச்சாரம் பையன் மொதநாளே காட்டிட்டான். சினிமாவுக்குக் குடுத்ததுன்னு தெரியும். நாங்க சிரிச்சோம். அதுல ஒண்ணுமில்ல."

"ஆமாண்ணே."

"எங்க மச்சான் வந்து சொல்லுததுதான் வேற மாதிரி இருக்கு. ஒரு வாரமா நீங்க கடை கடையா ஏறி அதப் பொறக்கிக்கிட்டு இருக்கீகளாம். அடுத்தவன் கையில இருக்கதப் புடுங்குதீகளாம். சினிமாவுல மூஞ்சி வந்தா மத்தவன் ஊரக் கூட்டிக் காட்டுவான். நீங்க ஒளிக்கீக. எதுக்கு ஒளிக்கீக? வேற எதுவும் இருக்கா?"

அவர் அதட்டவில்லை. லாரியை நிறுத்தி டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரிதான் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றுமில்லை என்று சொன்னால் இதே பயத்தைக் கல்யாணத்துக்கப்புறமும் வைத்துக்கொண்டு திரிய வேண்டும், பேரன் பேத்தி காலத்திலும் திரிய வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தைரியம் வந்தது என்று சொல்லமாட்டேன். அதற்கு மேல் பயப்பட என்னிடம் தெம்பு இல்லை.

சொன்னேன். கொட்டகை, போலீஸ், சிலேட்டு, முப்பது நாள் கையெழுத்து, கோர்ட்டு எல்லாம். சொல்லும்போது பாதி திறந்த கதவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் மீசையைத் தடவினார். "வெடிச்சு யாருக்கும் அடிகிடி பட்டுச்சா?"

"இல்லண்ணே. ஒரு திரிகூடப் பத்தல."

"அந்தக் கொட்டாய்க்காரன் என்ன ஆனான்?"

"தப்பிச்சிட்டாரு. இப்ப இல்ல. எறந்துட்டாரு."

"ம். வேலை பாத்தவன் மாட்டுவான், வேலை குடுத்தவன் ஓடுவான்." எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "எங்க வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன். மச்சானும் கோவக்காரன்தான், ஆனா நியாயக்காரன். பையன்கிட்ட உங்க பொண்ணே சொல்லட்டும். வாழப் போறவுக அவுக ரெண்டு பேரு."

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

மகள் வெளியே வந்தாள். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்காரி இரண்டு தடவை சோறு எடுத்து வைக்கவா என்று கேட்டாள். சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தேன். கேட்கவில்லை. திரும்பி வந்தவள் சொன்னாள்:

"அவுகளுக்கு ஒண்ணுமில்லையாம். எனக்குத்தான் கஷ்டமா இருக்கு. நீங்க ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"பயமா இருந்துச்சுத்தா."

"எங்கிட்டயா?"

தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டோம். இரண்டு நாள் அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

புதன்கிழமை ஆலங்குளத்திலிருந்து போன் வந்தது. நல்ல நாள் பார்த்திருக்கிறோம், ஜவுளி எடுக்கச் சேர்ந்தே போகலாமா என்று பையனுடைய அம்மா கேட்டார்கள். வீட்டுக்காரி போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மெஷினுக்குப் போனேன். அன்றைக்கு எல்லாக் கட்டும் அளவாக வந்தது.

ஜவுளி எடுக்க விருதுநகருக்குப் பஸ்ஸில் போனோம். மகள் ஜன்னலோரம், நான் பக்கத்தில், வீட்டுக்காரி முன் சீட்டில். பாதி வழியில் மகள் குரலைத் தணித்துக் கேட்டாள். "அந்த ஸ்டேஷன் இந்த ரோட்டுலயா?"

"ஆமா. இன்னும் ரெண்டு ஸ்டாப்பு."

வந்ததும் கையைக் காட்டினேன். புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். பழைய ஓட்டுக் கட்டடம் பின்னால் இருக்கிறது, பிடித்துவைத்த வண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆள் இறங்குவதற்காகப் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"எங்க வச்சுக் கையெழுத்துப் போட்டீக?"

"அந்தா, வலப்பக்கத்து சன்னலு. வெளிய நின்னுதான் போடணும். உள்ள விடமாட்டாக."

"முப்பது நாளும் பஸ்ஸுலயா வந்தீக?"

"பஸ்ஸுக்குக் காசுக்கு எங்க போக. சைக்கிள்லதான்."

பஸ் கிளம்பியது. அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, நாங்கள் வந்த ரோட்டைத் திரும்பி ஒருதரம் பார்த்தாள்.

"புதுப்பட்டியில இருந்தா? அம்புட்டுத் தூரமா!" என்றாள்.